சம்பளத்தில் சேராத வீடு

லூயிஸ் தீவு, ஸ்காட்லாந்து
வியாழன், 2 மே 2024

அன்புள்ள திருமதி மரிவிக் அவர்களுக்கு,

நாம் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. உங்கள் கணவர் கிரிசாந்தோ மூன்று வருஷமாகப் படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை என் கணவர் முர்டோவுடையது. அதன் கணக்கு என் பொறுப்பு. பதினாறு வயதில் பள்ளியை விட்டவள் நான். சமையலறை மேசையில் உட்கார்ந்து நானாகப் படித்த கணக்குதான். ஆனால் இதுவரை வரி ஆபீஸிலிருந்து ஒரு திருத்தம் வந்ததில்லை.

உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிரிசாந்தோவே சொல்வார் என்று இரண்டு வாரம் காத்திருந்தேன். நேற்று கேட்டதற்கு, "மகளோட பிறந்தநாள் முடியட்டும் மேடம்" என்றார். பிறந்தநாள் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

அவருடைய விசா ஜூன் 14-ஆம் தேதியோடு முடிகிறது. புதுப்பிக்க நாங்கள்தான் அரசாங்கத்துக்குச் சம்பளத்தை எழுதிக்கொடுக்க வேண்டும். அவர் வந்தபோது அரசாங்கம் கேட்ட குறைந்தபட்சத் தொகை குறைவு. இப்போது ஏற்றிவிட்டார்கள். நாங்கள் கொடுப்பதற்கும் அவர்கள் கேட்பதற்கும் ஆண்டுக்கு மூவாயிரத்து நானூறு பவுண்டு இடைவெளி.

நான் பயப்படவில்லை. எங்கள் ஊரில் கூலியைப் பாதி கையிலும் பாதி வாசலிலும் கொடுப்பார்கள். கிரிசாந்தோ இருக்கும் வீடு என் மாமியாருடையது, வாடகை கிடையாது. சதுப்பில் வெட்டிக் காயவைத்த, விறகு போல எரியும் மண்கட்டி அடுப்புக்கு. வருஷத்துக்கு ஒரு ஆடு. வாரம் இரண்டு தரம் மீன். எல்லாவற்றுக்கும் விலை போட்டு, சம்பளத்தோடு கூட்டி, அழகாக எழுதிக்கொண்டு வக்கீலிடம் போனேன்.

"வீடு சேராது" என்றார்.

"அடுப்புக்குப் போடுற மண்கட்டி?"

"சேராது."

"ஓவர்டைம் பண்ணினா?"

"அதுவும் சேராது. மாசாமாசம் நிச்சயமா தர்றேன்னு எழுதிக்கொடுத்த அடிப்படைச் சம்பளம். அவ்வளவுதான்."

"ஆடு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஷோனக், ஆட்டைச் சம்பளச் சீட்டுல எங்க ஒட்டுவீங்க?"

சிரிக்க வேண்டிய பேச்சு. பஸ்ஸில் திரும்பும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதுப்பித்ததும் நீங்களும் மகளும் இங்கே வருவதாக இருந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். ஜெபத்தில் இதை வைத்திருக்கிறேன்.

பட்டறைக் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்புகிறேன். பதில் போட்டால் அன்றே பார்ப்பேன். ஞாயிறு மட்டும் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஷோனக்

*

குயிமராஸ் தீவு, பிலிப்பைன்ஸ்
சனி, 4 மே 2024

அன்புள்ள ஷோனக் அக்கா,

அக்கா என்று கூப்பிடுகிறேன். திருமதி மரிவிக் என்று என்னைக் கூப்பிட்ட ஒரே ஆள் நீங்கள்தான். படித்ததும் யாரோ கடன் கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

உங்களை எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் ஊரில் ஞாயிறன்று யாரும் வேலை செய்வதில்லை என்று தெரியாமல், வந்த முதல் ஞாயிறே இவர் துணி துவைத்துக் கொடியில் போட, தெருவே திரையை விலக்கிப் பார்த்ததாமே. நீங்கள் போய், "நாளைக்கும் காத்து அடிக்கும் தம்பி" என்று மட்டும் சொன்னீர்களாம். அன்றைக்கே அம்மா வீட்டுக்குப் போன மாதிரி இருந்தது என்றார். உங்கள் ஊர் உருளைக்கிழங்கைப் பற்றி இவர் சொன்னதை மட்டும் எழுதவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. மாயுமிக்கு ஆறு வயது ஆகிவிட்டது. அப்பா அவளைக் கடைசியாகத் தூக்கியபோது மூன்று. இப்போது போனில் அவர் முகம் வந்தால், "உங்க ஊர்ல இன்னும் குளிரா?" என்று விருந்தாளியிடம் கேட்பது போலக் கேட்கிறாள்.

ஆனால் இதற்கு வழி இருக்கிறது அக்கா. எங்கள் பக்கம் எத்தனையோ பேர் செய்வதுதான். நீங்கள் அந்த முழுத் தொகையையும் சம்பளச் சீட்டில் எழுதி அவர் கணக்கில் போடுங்கள். கூடப் போட்டதை அவர் மாசாமாசம் எடுத்து உங்கள் கையில் கொடுத்துவிடுவார். உங்களுக்கு ஒரு காசு நஷ்டமில்லை. அரசாங்கத்துக்கு வேண்டியது காகிதம்தானே. நான் மாதா மேல் சத்தியம் செய்து சொல்கிறேன், ஒரு மாதம்கூடத் தவறாது. வெளியே ஒரு வார்த்தை போகாது.

இதைச் செய்துவிட்டால் உங்கள் பெயரைச் சொல்லித்தான் இந்த வீட்டில் விளக்கு எரியும்.

உங்கள் தங்கை,
மரிவிக்

*

லூயிஸ்
திங்கள், 6 மே 2024

அன்புள்ள மரிவிக்,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய். நானும் நீ என்றே எழுதுகிறேன். அக்கா என்றதற்குப் பிறகு இதைச் சொல்வது எனக்குக் கடினமாக இருக்கிறது. நீ சொன்னதை என்னால் செய்ய முடியாது.

வக்கீலும் அதையே எச்சரித்தார். பிடிபட்டால் பட்டறை இனி யாரையும் வரவழைக்க முடியாது, கிரிசாந்தோ நாடு திரும்ப வேண்டும், மறுபடி வருவதும் கஷ்டம். ஆனால் அதனால் மறுக்கிறேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். பிடிபடாது என்று தெரிந்தாலும் செய்ய மாட்டேன். முப்பத்தொரு வருஷமாக வெள்ளிக்கிழமை சாயங்காலம் கணக்கை மூடும்போது தலையைக் குனிந்து ஜெபம் செய்துதான் மூடுவேன். கொடுத்ததாக எழுதிவிட்டு வாங்கிக்கொண்டால், அந்த வெள்ளிக்கிழமை நான் என்னவென்று ஜெபம் செய்வது?

முர்டோவிடம் உன் யோசனையைச் சொன்னேன். வெல்டிங் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அவ கெட்டவ இல்ல, ஷோனக்."

"கெட்டவன்னு நான் சொல்லலயே."

"உன் மூக்கு சொல்லுதே."

அந்த முழுத் தொகையையும் நேராகவே கொடுத்துவிடலாமா என்றும் பார்த்தேன். முடியவில்லை. பழுது பார்க்கப் படகைக் கரை மேலேற்ற நாங்கள் வாங்கும் கூலி ஒன்பது வருஷமாக ஒரே தொகை. கூலியை ஏற்றச் சொன்னால் முர்டோ எழுந்து தேநீர் போடப் போய்விடுவார். படகு வைத்திருக்கிறவர்கள் எல்லாம் பாதி சொந்தக்காரர்கள், பாதி அதே ஆராதனையில் உட்காருகிறவர்கள். அவர்களிடம் எப்படிக் கேட்பது என்பார்.

இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. கர்த்தர் வழி காட்டுவார்.

ஷோனக்

*

குயிமராஸ்
ஞாயிறு, 12 மே 2024

மேடம்,

இன்று ஞாயிறு. இதை நீங்கள் திறக்க மாட்டீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நாளைக்கு எழுதினால் கோபம் ஆறிவிடும். ஆறுவதில் எனக்கு இஷ்டமில்லை.

ஆறு நாள் யோசித்தேன். காலையில் பூசைக்குப் போய் வந்தும் யோசித்தேன். உங்கள் ஜெபம் சுத்தமாக இருக்க வேண்டும், சரி. அதற்கான விலையை என் மகள் கொடுக்கிறாள். அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

இவர் என்ன சொல்கிறார் தெரியுமா? "அவங்கள ஒண்ணும் சொல்லாத மரிவிக். வீடு குடுத்திருக்காங்க, ஆடு குடுக்குறாங்க, கூடப் பொறந்தவன் மாதிரி பாக்குறாங்க." மூன்று வருஷமாக இதையேதான் சொல்கிறார். நானும் மூன்று வருஷமாக உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து மெழுகுவர்த்தி ஏற்றினேன். இப்போது நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்த வீட்டுக்கும் ஆட்டுக்கும் விலை போட்டுச் சம்பளத்தில் கூட்டினேன் என்று.

அப்படியானால் ஒன்று கேட்கிறேன். அந்த வீடு பரிசா, கூலியா? கூலி என்றால் இத்தனை நாள் நாங்கள் எதற்கு நன்றி சொன்னோம்? பரிசு என்றால் அதை ஏன் கூட்டினீர்கள்? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

பதில் இல்லையென்றால் எழுத வேண்டாம். ஜெபத்தில் வைக்கவும் வேண்டாம். அங்கே ஏற்கெனவே நிறைய வைத்திருப்பீர்கள்.

மரிவிக்

*

லூயிஸ்
செவ்வாய், 14 மே 2024

மரிவிக்,

உன் கடிதத்தை நேற்றுக் காலை திறந்தேன். நேற்றே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியதையெல்லாம் அழித்துவிட்டேன். நீ அதை எழுதிய அந்த ஞாயிற்றுக்கிழமை இங்கே நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். கிரிசாந்தோ உன்னிடம் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்.

ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வந்தோம். எங்கள் ஆலயம் மேட்டில் இருக்கிறது, கடல் கீழே. காற்று பலமாக இல்லை, ஆனால் பழைய புயலின் அலை இன்னும் பெரிதாக உருண்டுகொண்டிருந்தது. யாரோ கையை நீட்டினார்கள். எங்களிடம் படகைப் பழுது பார்க்கக் கொண்டுவரும் இயனுடைய நண்டுப் படகு பாறைப் பக்கம் குறுக்காக ஒதுங்கிக்கொண்டிருந்தது. அதில் அவன் மகன்கள் இரண்டு பேர். சனிக்கிழமை போனவர்கள் எஞ்சின் நின்று இரவெல்லாம் நங்கூரத்தில் கிடந்து, இப்போது நங்கூரமும் பிடிவிட்டுவிட்டது. உயிர்காப்புப் படகு வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். அவ்வளவு நேரம் அங்கே இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

ஓய்வுநாளில் நாங்கள் உருளைக்கிழங்குகூட உரிப்பதில்லை, சனிக்கிழமையே உரித்து வைத்துவிடுவோம். ஆனால் உயிரைக் காக்கும் வேலைக்குத் தடை இல்லை. முர்டோ ஆராதனைக் கோட்டோடு பட்டறைக்கு ஓடினார். வழியில் உன் வீட்டுக்காரர் செருப்புக்கூட இல்லாமல் வாசலில் நின்றார். முர்டோ ஒன்றும் கேட்கவில்லை. கிரிசாந்தோவே வேலியைத் தாண்டிப் பின்னால் ஓடினார்.

எங்கள் படகில் போய்க் கயிறு வீசிக் கட்டி இழுத்துப் பார்த்தார்கள். அறுந்தது. மறுபடி கட்டினார்கள், மறுபடி அறுந்தது. பிறகு நான் பார்த்தது, மரிவிக், உன் வீட்டுக்காரர் இரண்டு அலைகளுக்கு நடுவே ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குத் தாவியது. அந்தப் பையன்கள் அவர் இடுப்பைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். அடுத்த நிமிஷம் அவர் எஞ்சின் அறைக்குள் தலைகீழாக இறங்கிவிட்டார். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

நாங்கள் மேட்டில் கறுப்பு உடையில் வரிசையாக நின்றோம். கத்தினாலும் அவர்களுக்குக் கேட்காது. எங்களில் பாட்டைத் தொடங்கிக்கொடுக்கும் கிழவர் தொப்பியைக் கழற்றினார். பைபிளின் சங்கீதம் ஒன்றின் முதல் வரியைத் தனியாக எடுத்தார். எங்களிடம் வாத்தியம் கிடையாது. ஒருவர் எடுத்த வரியை எல்லாரும் ஆளுக்கொரு நெளிவாய்ப் பின்னாலேயே பாடுவோம், அலைமேல் அலை வருவது போல. அறுபது வருஷமாகப் பாடுகிறேன். அன்றைக்குத்தான் அது எதற்கு என்று தெரிந்தது.

படகு பாறையிலிருந்து ஒரு கல்லெறி தூரத்தில் இருந்தபோது புகை வந்தது. கறுப்பாக ஒரு கொத்து. அப்புறம் படகின் மூக்கு மெல்லத் திரும்பியது. பாட்டு நிற்கவில்லை.

அலை ஆட்டியதில் டீசல் தொட்டியின் அடியில் கிடந்த கசடும் தண்ணீரும் கலங்கி வடிகட்டியை அடைத்துவிட்டதாம். அதைக் கழற்றிக் கொட்டி, குழாயிலிருந்த காற்றை வாயாலேயே உறிஞ்சி எடுத்திருக்கிறார். கரைக்கு வந்ததும் டீசலைத் துப்பிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "மேடம், மேல யாராவது பாடினீங்களா? நான் கடல்னு நெனச்சேன்."

நான் சாகும்வரை இதைக் கேட்டுக்கொண்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

உன் கேள்விக்குப் பதில் இன்னும் கிடைக்கவில்லை. நல்ல கேள்வி. தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஷோனக்

*

குயிமராஸ்
புதன், 15 மே 2024

அக்கா,

இவர் என்னிடம் சொன்னது இதுதான்: "ஞாயித்துக்கிழமை ஒரு படகுல சின்னக் கோளாறு. கொஞ்சம் நனஞ்சிட்டேன். ஜலதோஷம்."

உங்கள் கடிதத்தை முழுக்க வாசித்து முடித்ததும் அவரைக் கூப்பிட்டு வாயில் வந்தபடி திட்டினேன். நீச்சல்கூடச் சரியாகத் தெரியாத மனிதர். பிறகு போனை மாயுமியிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைக்குப் போய் மாமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தால் அவள் விருந்தாளிப் பேச்சை விட்டுவிட்டு, "நீங்க குதிச்சப்போ ஷூ போட்டிருந்தீங்களா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க அப்பா" என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

மேடம் என்று எழுதியதை எடுத்துவிடுங்கள். கேட்ட கேள்வியை எடுக்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

அந்தப் பையன்கள் பெயர் என்ன? இன்று செபமாலையில் சேர்க்க வேண்டும்.

மரிவிக்

*

லூயிஸ்
வெள்ளி, 31 மே 2024

அன்புள்ள மரிவிக்,

பெரியவன் ரூரி, சின்னவன் ஃபின்லே. இன்று காலை விசா மனுவை வக்கீல் அனுப்பிவிட்டார். சம்பளம் முழுசாக எழுதப்பட்டிருக்கிறது. முழுசாகவே கொடுக்கப்படும், ஒரு காசும் திரும்பி வராது. எப்படி என்று சொல்கிறேன்.

அந்த ஞாயிறுக்கு மறுநாள் இயன் பணப்பையோடு பட்டறைக்கு வந்தான்.

"எவ்வளவு?"

"ஞாயித்துக்கிழமை வேலைக்குப் பில் கிடையாது இயன். உனக்கே தெரியும்" என்றேன்.

பணப்பையை மூடினான். "சரி. அப்போ மத்த நாளுக்கு எவ்வளவு? போன வருஷம் என் படகை மேலேத்த என்ன வாங்கினீங்க?"

சொன்னேன்.

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அதேதான்."

அவன் முர்டோ பக்கம் திரும்பினான். "கேக்க நீ வெட்கப்பட்ட. கம்மியாக் குடுக்க நாங்க யாரும் வெட்கப்படல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அடுத்த புதன்கிழமை படகுக்காரர்கள் பதினோரு பேரும் வந்து, இனிமேல் என்ன கூலி என்று அவர்களே ஒரு தொகையைச் சொன்னார்கள். முர்டோ தேநீர் போட எழுந்தார். இயன் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தான்.

அதிலும் முக்கால்வாசிதான் தேறியது. மீதிக்கு நான் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தேன். முர்டோ எதிரில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டே சொன்னார்: "என் சம்பளத்துல எடுத்துப் போடு."

"போட்டா உங்களுக்கு அவரை விடக் கம்மியா வரும்."

"வரட்டும்."

"முதலாளிக்கு வேலைக்காரரை விடக் கம்மின்னா ஊர் சிரிக்கும்."

கரண்டியைக் கீழே வைத்தார். "நான் இங்க பொறந்தவன். இங்க இருக்க என்கிட்ட யாரும் சம்பளச் சீட்டு கேக்கல. அவன்கிட்ட கேக்குறாங்க. அப்போ அது அவன்கிட்டயே இருக்கட்டும்."

கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம். நாள் ஒன்றுக்கு அவர் பேசுவது இருபது வார்த்தை இருக்கும். அன்றைக்கு அதற்கு மேல் பேசிவிட்டார். எழுந்து போய் அவர் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ஊற்றினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இப்போது உன் கேள்வி. பரிசா, கூலியா என்றாய். மூன்று வருஷமாக அந்த ஒரே வீட்டை நாங்கள் இரண்டு தரம் கொடுத்திருக்கிறோம். கிரிசாந்தோவிடம் தயவாக. என் கணக்கில் கூலியாக. அவருடைய நன்றியையும் வாங்கிக்கொண்டேன், சம்பளத்தையும் குறைவாகவே வைத்திருந்தேன். எங்கள் ஊரில் எல்லாரும் இப்படித்தான் செய்கிறோம், அதனால் அது தப்பாகவே கண்ணில் படவில்லை. சட்டம் எழுதியவர்களுக்கு எங்களையும் தெரியாது, எங்கள் ஆட்டையும் தெரியாது. ஏழைகளுக்கு அவர்கள் கதவைச் சாத்தியது சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வீடு சேராது என்று அந்த வக்கீல் சொன்னது மட்டும் என் வாழ்நாளில் நான் கேட்ட நல்ல பிரசங்கங்களில் ஒன்று.

இனி முடிவு அரசாங்கத்தின் கையில்; அது வரும்வரை அவர் இங்கேயே இருக்கலாம்.

உன் அக்கா,
ஷோனக்

*

குயிமராஸ்
சனி, 7 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

ஜூலையில் இவருக்கு விசா வந்தபோது நான் நம்பவில்லை. எனக்கும் மாயுமிக்கும் வந்ததை நேற்று என் கையால் தொட்டுப் பார்த்தேன். 19-ஆம் தேதி புறப்படுகிறோம். இவருடைய புதுச் சம்பளச் சீட்டின் படத்தைப் பக்கத்து வீட்டில், மளிகைக் கடையில், பங்கு சாமியாரிடம் எல்லாரிடமும் காட்டிவிட்டேன். "இவரோட முதலாளிக்கு இதைவிடக் கம்மி" என்றால் ஒருவரும் நம்புவதில்லை. "அப்படி ஒரு நாடா?" என்றார் சாமியார். "நாடு இல்ல சாமி, அது ஒரு முர்டோ" என்றேன்.

ஒரு நாள் ராத்திரி உங்கள் ஊர்ப் பாட்டை இவர் போனில் பிடித்து அனுப்பினார். நானும் மாயுமியும் கண்ணை மூடிக் கேட்டோம். வார்த்தை ஒன்றும் புரியவில்லை. முடிந்ததும் அவள் கேட்டாள், "இதுல எங்கம்மா அப்பா குதிக்கிறாரு?"

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். இப்போது முழுச் சம்பளம் வருகிறது. அதனால் அந்த வீட்டுக்கு நாங்கள் வாடகை கொடுப்பதுதான் முறை. எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்கள், நான் பேரம் பேச மாட்டேன். பேசுவேன், ஆனால் கொஞ்சம்தான்.

அடுத்தது, நாங்கள் வந்து சேரும் நேரம் இவர் ஏதாவது படகில் இருந்துவிட்டால் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கும்?

உங்கள் தங்கை,
மரிவிக்

*

லூயிஸ்
திங்கள், 9 செப்டம்பர் 2024

அன்புள்ள மரிவிக்,

வாடகை எவ்வளவு என்று கேட்டிருக்கிறாய். சொல்வதற்கு என்னிடம் தொகை இல்லை. மே மாதம் கடைசி வெள்ளிக்கிழமை அந்த வீட்டைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டேன். மண்கட்டி, மீன், ஆடு எல்லாவற்றையும். அவற்றுக்கு என்ன விலை போட்டிருந்தேன் என்று இப்போது நினைவில்லை, நினைவுபடுத்திக்கொள்ளவும் போவதில்லை. வெள்ளிக்கிழமை ஜெபம் சீக்கிரமே முடிந்துவிடுகிறது.

பேரம் பேச உனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தால் முட்டைக்காரி கிறிஸ்டினாவிடம் பேசு. இந்த ஊரில் அவளை இன்னும் யாரும் ஜெயித்ததில்லை.

மாயுமிக்குக் கம்பளிச் சட்டை பின்னி முடித்துவிட்டேன். கை கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது, வளர்ந்துகொள்வாள். ரூரியும் ஃபின்லேயும் கூரையைச் சரிசெய்து, கதவுக்குப் புதுசாக நீல வண்ணம் அடித்திருக்கிறார்கள். உருளைக்கிழங்கு இருக்கிறது. அரிசியும் வாங்கி வைத்திருக்கிறேன், கிரிசாந்தோ கடையில் காட்டிய அதே அரிசி.

சாவி கேட்டாய். முர்டோவையும் கேட்டுப் பார்த்தேன். அவருக்கும் தெரியவில்லை. அந்த வீட்டுக்குச் சாவி என்று ஒன்று எப்போதாவது இருந்ததா என்றே எங்களுக்கு நினைவில்லை.

கதவைத் தள்ளு, திறக்கும்.

ஷோனக்